நியாயஸ்தலத்தில் பஞ்சாங்கம்

1858-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆந் தேதி, அமெரிக்காவில் இல்லினாய்ஸ் நதியின் கரையிலுள்ள பியர்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூரின் நியாயஸ்தலத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நின்ற ஓர் இளைஞனுக்காக வாதாடிய வக்கீல், பிராசிக்யூஷன் தரப்பின் முதன்மையான சாட்சியைக் கூண்டில் நிறுத்திவைத்துக்கொண்டே ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட இரவுக்குரிய வரியை ஜூரிகள் பார்க்கும்படி காட்டினார். இரண்டே வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தேசத்தின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படவிருந்த ஆபிரகாம் லிங்கன்தான் அந்த வக்கீல். குற்ற விசாரணையில் வான சாஸ்திரம் துணைக்கு வந்த சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் பல உண்டு. ஆயினும் இந்த வழக்கைப் போல மனத்தைக் கவர்வது வேறொன்றை நான் அறியேன். ஏனெனில் இதில் சந்திரன் இருமுறை சாட்சி சொல்ல நேர்ந்தது. முதல் முறை, குற்றம் சாட்டியவர்களின் வாக்கை அது சோதித்தது; நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின்னர், அந்த வக்கீலின் நேர்மையையே சோதித்தது.

வழக்கின் மூல சம்பவம் முந்திய வருஷம் ஆகஸ்டு 29-ஆந் தேதி சனிக்கிழமை இரவு மேஸன் கவுண்டியில் நடந்தது. அக்காலத்து அமெரிக்கக் கிராமப்புறங்களில், அறுவடை வேலைகள் தணிந்த கோடைகாலத்தில், மரங்கள் அடர்ந்த தோப்புகளில் கூடாரம் அடித்து, பல நாட்கள் தொடர்ந்து ஜெபக் கூட்டங்கள் நடத்துவது வழக்கம். பக்தி சிரத்தையோடு வருகிறவர்கள் தோப்புக்குள்ளே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்தை நம்பி வந்த சாராய வண்டிகள் சற்றுத் தொலைவிலே நிற்கும். குதிரைப் பந்தயமும் சூதாட்டமும் கைகலப்பும் அங்கே நடக்கும். அப்படி ஒரு வண்டியருகே, குடிவெறியில் தொடங்கிய சண்டையில் மெட்ஸ்கர் என்ற இளைஞன் தாக்கப்பட்டான். அடிபட்டவன் அங்கேயே விழுந்து உயிர்விடவில்லை. தன் குதிரையில் ஏறி வீட்டுக்குப் புறப்பட்டான், வழியில் குதிரையிலிருந்து விழுந்ததாகவும் சொல்லப்பட்டது, சில நாட்களில் இறந்தான். நாரிஸ் என்பவன் ஒரு கட்டையால் அவனுடைய பின்மண்டையில் அடித்தான் என்றும், ‘டஃப்’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட வில்லியம் ஆர்ம்ஸ்டிராங், தோல் வாரில் கோத்த உலோகக் குண்டு ஒன்றினால் கண்ணருகே தாக்கினான் என்றும் இருவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது.

இந்த ஆர்ம்ஸ்டிராங் குடும்பத்துக்கும் லிங்கனுக்கும் இருந்த உறவு பழமையானது. 1831-ஆம் வருஷம், கையில் காசும் கல்விப் பட்டமும் இல்லாத வாலிபனாக நியூ ஸேலம் என்ற ஊருக்கு வந்து ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்த லிங்கனை, அவ்வூரை அடுத்த கிளேரி தோப்பு முரட்டு வாலிபர்களின் தலைவனாகிய ஜாக் ஆர்ம்ஸ்டிராங் மல்யுத்தத்துக்கு அழைத்தான். அந்தக் குஸ்தியில் யார் வென்றார் என்பதில் கதை சொல்லுகிறவர்களிடையே ஒற்றுமை இல்லை. ஆனால் அன்று முதல் இருவரும் பிராண சிநேகிதர்கள் ஆனார்கள் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. மறுவருஷம் நடந்த பிளாக் ஹாக் யுத்தத்தில் லிங்கன் காப்டனாக இருந்த படைப் பிரிவிலேயே ஜாக்கும் ஸார்ஜண்டாக இருந்தான். ஜாக்கின் மனைவி ஹன்னா, வீடு வாசல் இல்லாத அந்த நெட்டை வாலிபனுக்குச் சோறு போட்டாள். கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தாள். அவனும் அவளுடைய குழந்தையின் தொட்டிலை ஆட்டினான். தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளைதான் இப்பொழுது கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்த டஃப். கணவனை இழந்து விதவையாக நின்ற ஹன்னா, இல்லினாய்ஸின் பெரிய வக்கீல்களுள் ஒருவராக உயர்ந்துவிட்ட பழைய சிநேகிதரை நாடினாள். லிங்கன் ஒரு காசும் பெறாமல் வழக்கை ஏற்றுக்கொண்டார். அதற்குள் நாரிஸ் மேஸன் கவுண்டியிலேயே விசாரிக்கப்பட்டு, எட்டு வருஷச் சிறைத் தண்டனை பெற்றுவிட்டான். உள்ளூரில் ஜனங்களின் மனம் கொதித்திருந்தபடியால், டஃப்பின் வழக்கு மட்டும் அடுத்த கவுண்டியாகிய காஸுக்கு, பியர்ட்ஸ்டவுனுக்கு மாற்றப்பட்டது.

பிராசிக்யூஷன் தரப்பின் பலமெல்லாம் சார்லஸ் ஆலன் என்ற ஒரு சாட்சியின் மீது நின்றது. இரவு சுமார் 11 மணிக்குச் சண்டை நடந்ததென்றும், தான் ஏறக்குறைய 150 அடி தூரத்தில் நின்றிருந்ததாகவும், டஃப் குண்டை வீசி அடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் அவர் சத்தியம் செய்து சொன்னார். அவ்வளவு தூரத்தில், இரவில், எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, நிலா உயரத்தில் நின்று நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது என்று விடை வந்தது. லிங்கன் இந்த விடையை மறுக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. மெதுவாக, நட்போடு பேசுகிறவரைப் போல, அந்த ஒரே விஷயத்தைப் பல விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு, சாட்சி ஒவ்வொரு முறையும் நிலாவின் மீதே தன் பாரத்தையெல்லாம் போடும்படி செய்தார். இனி அந்த வாக்கிலிருந்து பின்வாங்க வழியில்லை என்ற நிலை வந்த பிறகே பஞ்சாங்கத்தை வரவழைத்தார். அந்த இரவில் சந்திரன் அஸ்தமிக்கும் நேரம் நள்ளிரவு தாண்டி மூன்று நான்கு நிமிஷம் என்பது அதிலே இருந்தது. அப்படியானால் 11 மணிக்கு நிலா வானத்தின் உயரத்தில் நின்றிருக்க இயலாது. அடிவானத்தை நோக்கி வெகுதூரம் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த ஒரு காட்சியையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1939-இல் ஜான் ஃபோர்டு எடுத்த லிங்கன் திரைப்படமும், 1962-இல் நார்மன் ராக்வெல் தீட்டிய சித்திரமும் இந்த வழக்கிலிருந்தே பிறந்தவை. ஆயினும் வழக்கைப் பஞ்சாங்கம் ஒன்றே வென்றது என்று சொல்வது முறையன்று. கொலைக்குப் பயன்பட்டதாக நியாயஸ்தலத்தில் காட்டப்பட்ட குண்டு என்னுடையது, அதை நான்தான் அங்கே விட்டுவந்தேன் என்று வேறொருவர் சாட்சி சொன்னார். பின்மண்டையில் பட்ட அடியினாலேயே முன்புறத்துக் காயமும் உண்டாகியிருக்கக்கூடும் என்று ஒரு வைத்தியர் சொன்னார். மெட்ஸ்கர் கண்ணருகே பட்ட அடியால் இறந்தானா, பின்மண்டையில் பட்ட அடியால் இறந்தானா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்குமானால், இருவரும் கூடிச் சதி செய்தார்கள் என்பது ருசுவானாலன்றி டஃப்பைக் குற்றவாளி என்று தீர்க்கக் கூடாது என்ற பொருளில் லிங்கன் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த குறிப்பு, ஜூரிகளுக்கு நீதிபதி கூறும் விளக்கத்துக்காக அளிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் அநாதையைப் போல வந்து நின்ற காலத்தில் அந்தத் தாய் தமக்கு அன்னமிட்டதை அவர் கண்ணீர் மல்கச் சொன்னபோது, ஜூரிகளும் கலங்கினார்கள் என்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். டஃப் விடுதலையானான்.

பின்னர்தான் ஒரு கொடிய வதந்தி கிளம்பிற்று. லிங்கன் காட்டிய பஞ்சாங்கம் போலி. வேறொரு வருஷத்துப் பஞ்சாங்கத்தில் எண்ணை மாற்றி, 1857 என்று திருத்திக்கொண்டு வந்து நியாயஸ்தலத்தை ஏமாற்றினார் என்று சிலர் சொன்னார்கள். இந்த வதந்தி வெறும் பொறாமையில் பிறந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்றிரவு அந்தத் தோப்பிலே இருந்தவர்களுள் பலருக்கு, முன்னிரவில் நிலா நன்றாகக் காய்ந்தது நினைவிருந்தது. ஆகஸ்டு 27-ஆந் தேதியே அரைநிலா. இரண்டு நாள் கழித்து, நம் கணக்கில் சொன்னால் வளர்பிறைத் தசமியை ஒட்டிய நாள் அது. தசமி நிலா எப்பொழுது மறையும் என்று நம் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடுநிசி கடந்து ஒன்றரை அல்லது இரண்டு மணிக்கு என்பார்கள். அது அனுபவத்தில் கண்ட உண்மையே. அப்படியிருக்க, நடுநிசிக்கே சந்திரன் அஸ்தமித்துவிட்டதாக ஒரு பஞ்சாங்கம் சொன்னால், பார்த்துப் பழகிய மனிதன் அந்தப் புத்தகத்தைத்தான் சந்தேகிப்பான். நான் அக்காலத்தில் அங்கே குடியானவனாக இருந்திருந்தால் நானும் சந்தேகித்திருப்பேன்.

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர்கள் டெக்ஸாஸைச் சேர்ந்த டொனால்டு ஆல்சன், ரஸ்ஸல் டோஷர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். 1990-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்து ‘ஸ்கை அண்டு டெலஸ்கோப்’ பத்திரிகையில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அந்த இரவின் சந்திர கதியை நிமிஷக் கணக்காக எடுத்துக் காட்டிற்று. அவர்கள் கண்டதன் சாரத்தை நம் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஏனென்றால் அதற்கு வேண்டிய சொற்கள் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன. சூரியன் செல்லும் வீதிக்கும் சந்திரன் செல்லும் வீதிக்கும் இடையே ஏறக்குறைய 5 பாகை சாய்வு உண்டு. அவ்விரு வீதிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களே ராகுவும் கேதுவும். அவை நிலையாக நிற்பவை அல்ல. பின்னோக்கி நகர்ந்து, ராசி ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை வருஷமாகப் பன்னிரண்டு ராசிகளையும் 18.6 வருஷத்தில் சுற்றி வருகின்றன. ராகு ஓர் இடத்தில் இருக்கும்போது, சந்திர வீதியின் சாய்வு சூரிய வீதியின் சாய்வோடு கூடி, சந்திரன் வானத்தின் நடுக்கோட்டிலிருந்து 28 பாகைக்கு மேலும் வடக்கே ஏறித் தெற்கே இறங்கும்; அதற்கு எதிரிடத்தில் இருக்கும்போது 18 பாகையோடு நின்றுவிடும். 1857-ஆம் வருஷம், அந்தச் சாய்வு உச்சத்தை எட்டிய வருஷம். அதிலும் ஆகஸ்டு 29-ஆந் தேதி இரவு, சந்திரன் தனுசு ராசியில், தன் தென்கோடி எல்லையை ஒட்டி நின்றது.

தென்கோடியில் நிற்கும் சந்திரனின் பாதை வடதேசத்து வானத்திலே மிகவும் குறுகியது. மாரிக்காலத்துச் சூரியன் தாமதமாக உதித்துச் சீக்கிரம் மறைவது போலவே, அத்தகைய சந்திரனும் தாமதமாக எழுந்து சீக்கிரம் மறையும். அந்த இரவில் சந்திரன் உச்சிக்கோட்டைக் கடந்தது மாலை 7 மணி 44 நிமிஷத்துக்கு; அப்பொழுதும்கூட அது அடிவானத்துக்கு மேல் 22 பாகை உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. வானத்தின் நடுக்கோட்டில் சென்றிருந்தால் உச்சியிலிருந்து மறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கும். தென்கோடியில் சென்றதால் நான்கேகால் மணி நேரம் கழிந்த சில நிமிஷங்களில் மறைந்துவிட்டது. ஆகவே நள்ளிரவு தாண்டிய சில நிமிஷத்தில் அஸ்தமனம் என்று பஞ்சாங்கம் சொன்னது முற்றிலும் சரி. முன்னிரவில் நிலா காய்ந்தது என்று நினைவு வைத்திருந்தவர்கள் சொன்னதும் சரி. நம் தமிழ்நாட்டிலே பூமத்திய ரேகை அருகில் இருப்பதால், சந்திரன் தெற்கே எவ்வளவு விலகினாலும் அஸ்தமன நேரம் அரைமணிக்குள்ளேதான் முன்பின்னாக மாறும். 40 பாகை வட அட்சத்திலுள்ள இல்லினாய்ஸிலோ இரண்டு மணி நேரம் வரை முந்திவிடுகிறது. ஊர்க்காரர்களின் பல வருஷத்து அனுபவமும் அவர்களைக் கைவிட்டதற்குக் காரணம், அந்த உச்ச நிலை பதினெட்டரை வருஷத்துக்கு ஒரு தடவையே திரும்புவது என்பதுதான்.

போலிப் பஞ்சாங்கம் என்ற பழி இவ்வாறு நீங்கிற்று. ஆனால் கணக்கு எதைச் சொல்லுகிறதோ அதற்கு மேல் அதைச் சொல்லவைக்கக் கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நிலா மறைந்தே போயிற்று, அதனால் ஒன்றும் தெரிந்திருக்க முடியாது என்று லிங்கன் நிரூபித்ததாகச் சிலர் கதையை வளர்த்திருக்கிறார்கள், அது பிழை. 11 மணிக்கு நிலா வானத்தில்தான் இருந்தது, அடிவானத்துக்கு மேல் சுமார் 9 பாகை உயரத்தில். கையை நீட்டி மடக்கிப் பிடித்த முஷ்டியின் அளவுக்குச் சற்றுக் குறைவான உயரம் அது. மரங்கள் செறிந்த இடத்திலே அவ்வளவு தாழ்ந்த நிலா எந்த அளவுக்கு வெளிச்சம் தரும் என்பதை ஜூரிகளே ஊகிக்க வேண்டியிருந்தது. டஃப் அடித்தானா இல்லையா என்பதைப் பற்றிச் சந்திரன் ஒன்றும் சொல்லவில்லை. உயரத்தில் நின்ற நிலாவின் வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியின் வாக்கு உண்மையன்று என்பதை மட்டும் சொல்லிற்று. ஒரு மனிதனுடைய கழுத்துக்குக் கயிறு போடவிருந்த வழக்கிலே அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. சட்டத்தின் பார்வையில் அது போதுமானதாக இருக்கவும் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். டஃப் பின்னர் உள்நாட்டு யுத்தத்தில் ஐக்கியப் படையில் சேர்ந்தான். நோயுற்றபோது ஹன்னா மறுபடியும் லிங்கனுக்கு எழுத, ஜனாதிபதியாக இருந்த அவர் 1863-இல் அவனைச் சேனையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்.

சந்திரன் இல்லாத பகற்பொழுதிலே சூரியனும் இத்தகைய சாட்சி சொல்லியிருக்கிறான். நெப்ராஸ்கா மாகாணத்து ஓமஹா நகரத்தில், 1910-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்நகர அரசியலில் செல்வாக்கு மிகுந்த டாம் டென்னிசன் என்பவரின் வீட்டு வாசலில் டைனமைட் அடைத்த கைப்பெட்டி ஒன்று கிடந்தது. நல்லவேளையாக வெடிப்பதற்குமுன் அது கண்டுபிடிக்கப்பட்டது. அப்பொழுது மணி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பெட்டியோடு ஒரு மனிதனைப் பார்த்ததாக இரண்டு சிறுமிகள் அடையாளம் காட்டினார்கள். அவ்விருவரும் அன்று மாதா கோயிலில் நடந்த சடங்கிலே கலந்துகொண்டு, அது முடிந்ததும் வெளியே எடுத்த ஒரு புகைப்படத்தில் மற்றவர்களோடு நின்று, அதன் பிறகே அவ்வழியாக வீடு திரும்பியவர்கள். பிரதிவாதியின் வக்கீல் அந்தப் புகைப்படத்தைக் கொண்டுபோய், கிரெய்ட்டன் சர்வகலாசாலையின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்த வில்லியம் ரிக் என்ற ஏசுசபைப் பாதிரியாரிடம் காட்டினார்.

படத்திலே கட்டடத்தின் ஒரு பாகம் சுவர்மேல் வீழ்த்திய நிழல் தெளிவாகத் தெரிந்தது. நிழலை வீழ்த்திய விளிம்புக்கும் நிழலின் நுனிக்கும் இடையேயுள்ள உயரத்தையும் அகலத்தையும் ரிக் அளந்தார். தேதி தெரிந்தபடியால் சூரியனின் கிராந்தி, அதாவது வானத்தின் நடுக்கோட்டிலிருந்து அவன் விலகி நிற்கும் அளவு, தெரியும்; ஊரின் அட்சம் தெரியும்; சுவர் எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் அளந்தால் தெரியும். இவற்றைக் கொண்டு, நிழல் அப்படி விழும் வேளையில் சூரியன் எங்கே நின்றான் என்றும், ஆகவே மணி என்ன என்றும் கணித்தால், பிற்பகல் 3 மணி 21 நிமிஷம் 29 விநாடி என்று வந்தது. கையில் பிடித்த கடிகாரம் தவறலாம், பார்த்தவர்களின் ஞாபகம் தவறலாம். வெயில் நாளில் கல்லிலே பதிந்த நிழல் தன் வேளையைத் தவறாகச் சொல்லாது. பெட்டி அகப்பட்டது மூன்று மணிக்கு முன். சிறுமிகளோ மூன்றே காலுக்குப் பின்னும் கோயில் வாசலில் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் முதல் விசாரணையில் ஜூரிகளின் நெஞ்சில் இந்தக் கணிதம் ஏறவில்லை. அந்த மனிதருக்குத் தண்டனை கிடைத்தது. மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்த பிறகே, மறு விசாரணையில் அவர் விடுதலை பெற்றார். பியர்ட்ஸ்டவுனில் ஒரு வரி செய்த வேலையை ஓமஹாவில் ஒரு பக்கக் கணக்கு உடனே செய்ய இயலாமற் போனதற்கு, வாதத்தின் பலக்குறைவு காரணமன்று. பஞ்சாங்கம் எவரும் தம் வீட்டில் புரட்டிப் பார்ப்பது, கோளத் திரிகோண கணிதமோ அப்படியன்று.

நம் நாட்டிலே இந்த வித்தை வேறொரு குற்றத்துக்கு எதிராக ஏவப்பட்டது. சென்னை ராஜதானியின் கோர்ட்டுகளில் நிலத்துக்கும் மானியத்துக்கும் உரிமை கொண்டாடுகிறவர்கள் பழைய ஓலைகளையும் செப்பேடுகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றுள் உண்மையானவை எத்தனையோ உண்டு, பொய்யாகப் புனைந்தவையும் ஏராளம். சென்னை ஸிவில் ஸர்வீஸில் இருந்தவரும், விஜயநகரத்தின் சரித்திரத்தை எழுதிப் புகழ் பெற்றவருமாகிய ராபர்ட் ஸ்யூவெல், பூனாவைச் சேர்ந்த ஜோதிஷ பண்டிதர் சங்கர பாலகிருஷ்ண தீக்ஷிதருடன் சேர்ந்து 1896-இல் வெளியிட்ட ‘இந்தியன் காலண்டர்’ என்ற பெருநூல், கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. உரிமைக்குச் சாட்சியமாகக் கோர்ட்டுகளில் வரும் பழைய பத்திரங்களில் போலிகள் மலிந்திருப்பதால், அவற்றைச் சோதித்துப் பார்க்க நியாயாதிபதிகளுக்கும் சர்க்கார் காரியாலயங்களுக்கும் ஒரு கருவி வேண்டும் என்ற நோக்கத்தை அதன் முகவுரையிலேயே ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் ஷ்ராம் கணித்த கிரகண அட்டவணைகளும் அந்நூலில் சேர்க்கப்பட்டன.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருந்தது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, காலப் பிரிவுகளைக் கோர்ட்டு தானே அறிந்துகொள்ள வேண்டும், தனியாக ருசுப்படுத்தத் தேவையில்லை என்றும், சரித்திரம், விஞ்ஞானம் முதலிய பொது விஷயங்களில் தகுந்த நூல்களின் உதவியை நாடலாம் என்றும் கூறிற்று. போலியாசிரியனைப் பிடிப்பதற்குத் திதியும் வாரமும் போல உகந்த பொறி வேறில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்திய தேதியிட்டு ஒருவன் பத்திரம் புனைகிறான் என்று வைத்துக்கொள்வோம். பிரபவாதி வருஷத்தின் பெயரையும் மாதத்தையும் அவன் எளிதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த மாதத்துச் சுக்கில பஞ்சமி எந்தக் கிழமையில் வந்தது என்பதைப் பின்னோக்கிக் கணிக்க அவனால் ஆகாது. வாய்க்கு வந்த கிழமையை எழுதினால் ஏழு தடவையில் ஆறு தடவை அகப்பட்டுக்கொள்வான். நக்ஷத்திரத்தையும் சேர்த்து எழுதிவிட்டாலோ தப்பித்துக்கொள்வது இன்னும் அரிது. மைசூர்ப் பகுதியிலே, பாரதக் கதையில் வரும் ஜனமேஜய மகாராஜாவே சர்ப்ப யாகத்தின் போது கொடுத்ததாகச் சொல்லும் செப்பேடு ஒன்று இருந்தது. அதில் குறிக்கப்பட்ட சூரிய கிரகணத்தைக் கணித்துப் பார்த்தவர்கள், அதற்குப் பொருந்துவது 1521-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை நேர்ந்த கிரகணமே என்று கண்டார்கள்.

இந்தத் துறையிலே தமிழர் ஒருவர் செய்த உழைப்புக்கு ஈடு இல்லை. திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை, சர்க்கார் உத்தியோகத்தின் பாரத்துக்கிடையே, 1911-இல் இந்தியக் காலக்கணிதத்தைப் பற்றிய நூலையும், 1922-இல் நூற்றாண்டு நூற்றாண்டாக ஒவ்வொரு நாளின் திதியையும் நக்ஷத்திரத்தையும் வரிசைப்படுத்திய பெரிய அட்டவணைத் தொகுதிகளையும் வெளியிட்டார். முன்பெல்லாம் ஒரு தேதியைச் சோதிப்பதற்கு ஜோதிஷ கணிதம் தெரிந்த ஒருவர் வெகுநேரம் உழைக்க வேண்டியிருந்தது. அவருடைய தொகுதிகள் வந்த பிறகு சாதாரண குமாஸ்தாவும் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. தம்முடைய மிச்சப் பொழுதையெல்லாம் எண்களுக்கே கொடுத்துவிட்ட அந்த மனிதரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எனினும் இங்கேயும் பியர்ட்ஸ்டவுனில் கண்ட எச்சரிக்கையே வேண்டும். கிழமை பொருந்திவிட்டால் பத்திரம் மெய்யென்று ஆகிவிடாது. ஏழில் ஒரு தடவை குருட்டாம்போக்கிலும் பொருந்தும், ஜோதிஷம் கற்ற போலியாசிரியன் கணித்தே பொருத்தியிருக்கவும் கூடும். பொருந்தாவிட்டால் பொய்யென்றும் தீர்த்துவிட முடியாது. ஐயத்துக்கே இடமில்லாத பழைய சாசனங்களிலும் தவறிய தேதிகள் உண்டு என்பதைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். தானம் கொடுத்த நாள் ஒன்று, அதைச் செம்பிலே பொறித்த நாள் வேறொன்று என்று ஆகியிருக்கலாம். அதைவிட நுட்பமான காரணமும் ஒன்று உண்டு: நம் வழக்கத்தில் ஒரு நாளுக்குச் சூரியோதயத்தில் இருக்கும் திதியையே பெயராக வைக்கிறோம், அந்தத் திதியோ பகலில் எந்த நாழிகையிலும் முடிந்து அடுத்தது பிறந்துவிடலாம். காலையில் சதுர்த்தியாக இருந்த திங்கட்கிழமையன்று, மாலையில் பஞ்சமி பிறந்த பிறகு கணக்குப்பிள்ளை பத்திரம் எழுதினால், பஞ்சமி, திங்கட்கிழமை என்றுதான் எழுதுவார்; உதய திதியை மட்டும் பார்க்கிறவர் செவ்வாயன்றைக்குத்தானே பஞ்சமி என்று சொல்லி அந்த மெய்ப் பத்திரத்தைப் பொய்யென்று தள்ளிவிடுவார். ஆகையால் அட்டவணையைத் திறந்த குமாஸ்தா, கிழமை ஒன்று மாறியிருக்கக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடாமல், திதி முடியும் நாழிகையை இன்னொரு தடவை கணித்துப் பார்த்த பிறகே தம் குறிப்பை நீதிபதியிடம் அனுப்ப வேண்டும்.